தாத்தாவின் டின்னில் 41 சீனக் காசுகள், அப்பா வாங்கிய பெரிய காசு ஒன்று: எது அசல்?

ஈப்போ பேரன்

வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாத்தா ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்தார். கடை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. போன மாதம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய மைலோ டின் கிடைத்தது, உள்ளே நடுவில் சதுர ஓட்டை போட்ட காசுகள் 41. எனக்குச் சீனம் தெரியாது. பக்கத்து வீட்டு அங்கிள் சில எழுத்துகளைப் படித்தார், மற்றவை பழைய எழுத்து, புரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

இது போக இரண்டு காசு தனி. ஒன்று 41 மி.மீ. அகலம், கருப்பும் பச்சையுமாக இருக்கும் பெரிய ஓட்டைக்காசு. அப்பா 2011ல் ஒரு சந்தையில் 800 ரிங்கிட் கொடுத்து வாங்கியது. இன்னொன்று ஓட்டை இல்லாத வெள்ளிக் காசு, மொட்டைத் தலை மீசைக்காரர் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி. படங்கள் எல்லாம் போட்டிருக்கிறேன். அம்மா ஏழெட்டுக் காசைப் புளி போட்டு விளக்கிவிட்டார், பளபளவென்று இருப்பவை அவைதான்.

எது அசல், எது போலி என்று சொல்ல முடியுமா? விற்கும் எண்ணம் இல்லை. அப்பாவுக்கு மட்டும் அந்தப் பெரிய காசைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை.


ஓட்டைக்காசு

முதலில் அம்மாவிடமிருந்து புளியை வாங்கி ஒளித்து வையுங்கள். விளக்கிய காசு அசலாகவே இருந்தாலும் பாதி சாட்சியம் போய்விடுகிறது. குத்துவிளக்கு வேறு, காசு வேறு. காசின் மேலே படிந்திருக்கும் களிம்புதான் அதன் வயதைச் சொல்லும்.

அடுத்து, எடை எங்கே? படம் மட்டும் பார்த்து அசல் என்று அடித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர், ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து உங்கள் அப்பா அந்தக் காசுக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகாது. ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், விளிம்பின் படம் (ஆம், பக்கவாட்டு விளிம்பு, யாரும் அதைப் படம் எடுப்பதே இல்லை) போடுங்கள்.

அதுவரை படத்தில் தெரிவதை மட்டும் சொல்கிறேன். பின்பக்கம் சங்கிலி தொங்குகிற மாதிரி இரண்டு எழுத்து இருப்பவை எல்லாம் சிங் அரசமரபு வகை. அந்த எழுத்து சீனம் இல்லை, மஞ்சு மொழி, ஆண்டவர்கள் மஞ்சுக்கள். ஓட்டைக்கு இடப்பக்கம் 'பூ' என்று இருக்கும், காசு என்கிற பொருளில். வலப்பக்கம் எந்த வார்ப்புச்சாலை என்பது. 'சிவான்' என்றால் பெய்ஜிங் வருவாய்த்துறைச் சாலை, 'யுவான்' என்றால் பெய்ஜிங் பணித்துறைச் சாலை. மாகாணங்களுக்கெல்லாம் தனித்தனி எழுத்து. முன்பக்கத்தை மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையில் படிக்க வேண்டும். மேலும் கீழும் இருப்பது ஆட்சிப் பெயர், வலமும் இடமும் 'துங் பாவ்', அதாவது புழங்கும் பணம்.

உங்கள் படத்தில் சியென்லுங் 11 (ஆட்சி 1736 முதல் 1795 வரை), ஜியாசிங் 6 (1796–1820), தாவ்குவாங் 4 (1821–1850). மொத்தம் 21. அடுத்த படத்தில் இருக்கிற ஆறும் அதே மாதிரிதான் தெரிகிறது, ஆனால் ஆறின் முகமும் ஒரே வார்ப்பு மாதிரி இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. எடை போட்டுச் சொல்லுங்கள்.


பச்சைக்களிம்பு

கொடி படர்ந்த மாதிரி எழுத்துள்ள காசுகள் பற்றி நான் சொல்கிறேன், அது என் பைத்தியம். அவை வடக்குச் சொங் காலம். அந்தக் கொடி எழுத்து முத்திரை எழுத்து வகை. சொங் காலத்தில் ஒரே ஆட்சிப் பெயரை இரண்டு, மூன்று கையெழுத்துப் பாணியில் வார்ப்பார்கள், முத்திரை எழுத்தில் ஒன்று, ஓட்டமாக எழுதும் எழுத்தில் ஒன்று. ஓட்டையின் அளவும் கரையின் அகலமும் ஒன்றாகவே இருக்க, எழுத்து மட்டும் மாறும். இணைக்காசு என்று இதற்கே தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு.

உங்களிடம் இருப்பதில் நான்கு 'யுவான்ஃபெங் துங்பாவ்', 1078–1085, ஷென்சோங் பேரரசர் காலம். இதை மேல், வலம், கீழ், இடம் என்று கடிகாரச் சுற்றில் படிக்க வேண்டும். சிங் காசை இப்படிப் படித்தால் உளறலாகும், இதை அப்படிப் படித்தாலும் உளறல்தான். பக்கத்து வீட்டு அங்கிள் திணறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

விலை பற்றி யோசிக்காதீர்கள். ஒரு தட்டு மீ கோரெங் விலைக்கு ஒரு அசல் யுவான்ஃபெங் வாங்கலாம்.


நாணயப்பித்தன்

மன்னிக்கணும், இது நம்புகிற மாதிரி இல்லையே. 900 வருடப் பழைய காசு ஒரு தட்டு மீ விலைக்கா? ராஜராஜன் காசு ஒன்று வாங்கப் போனால் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? மலிவாகக் கிடைக்கிறது என்றாலே போலி என்றுதான் அர்த்தம்.


பச்சைக்களிம்பு

தம்பி, பழமை வேறு, அருமை வேறு. யுவான்ஃபெங் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் சரடு செப்புக் காசு வார்த்தார்கள். ஒரு சரடு பெயரளவில் ஆயிரம் காசு. பெருக்கிப் பாருங்கள், 500 கோடி வரும், ஒரே ஆண்டில். காசு வெளியே போகக்கூடாது என்று சட்டம் போட்டுத் தண்டித்தும் கப்பல் கப்பலாகப் போனது. ஜப்பானில் பல நூறு ஆண்டு அன்றாடப் பணமே இந்தச் சீனக் காசுதான். 1323ல் சீனாவிலிருந்து ஜப்பான் போகும் வழியில் கொரியாவின் சினான் பக்கம் ஒரு கப்பல் மூழ்கியது, 1976லிருந்து 1984 வரை எடுத்தார்கள், அந்த ஒரு கப்பலில் மட்டும் 28 டன் காசு. டன். சீனாவிலும் குழி தோண்டினால் தாழி தாழியாக வருகிறது.

அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது, சாதாரண சொங் காசைப் போலி செய்பவனுக்குக் கூலி கூடக் கட்டாது. போலி வருவது அரிய வகையிலும், பெரிய காசிலும், வெள்ளியிலும். முதலில் மலிவான அசல் இருபது காசை வாங்கி ஒரு மாதம் கையில் வைத்து உருட்டுங்கள். விளிம்பைப் பாருங்கள், எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள், தட்டிக் கேளுங்கள். அப்புறம் பெரிய காசுப் பக்கம் போகலாம். உங்கள் அப்பா தலைகீழாகச் செய்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதையேதான் செய்தேன்.


கொழும்பு வாசகி

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இங்கே இலங்கையில் யாப்பகூவாவில் அகழ்ந்தபோது ஆயிரத்துக்கு மேல் சீனக் காசு வந்தது, பெரும்பாலும் சொங். தஞ்சைப் பக்கம் தளிக்கோட்டை, ஒலயகுன்னம் போன்ற ஊர்களிலும் புதையலாகக் கிடைத்திருக்கிறது. 1077ல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் தூது போனபோது சொங் அரசவை திருப்பிக் கொடுத்த பரிசில் 81,800 சரடு செப்புக் காசு என்று சீன வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. அடுத்த ஆண்டுதான் மேலே சொன்ன யுவான்ஃபெங் தொடங்குகிறது. அதற்காக ஈப்போ டின்னில் இருப்பது சோழர் பரிசு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

இன்னொன்று, ஆங்கிலத்தில் இந்த ஓட்டைக்காசைக் 'கேஷ்' என்கிறார்களே, அது நம் 'காசு' போர்த்துகீசியர் வாயில் புகுந்து வந்தது. சீனர்கள் அதைக் 'சியென்' என்கிறார்கள்.


ஈப்போ பேரன்

நன்றி, நன்றி. தராசு வாங்கிவிட்டேன். இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டேன், அப்பாவும் கூட உட்கார்ந்தார்.

சிங் காசு 21: விட்டம் 22 முதல் 26 மி.மீ., எடை 2.9 முதல் 4.6 கிராம். பொதுவாக சியென்லுங் கனம், தாவ்குவாங் லேசு.
சந்தேகப்பட்ட ஆறு: எல்லாம் 24.0 மி.மீ., எடை 2.1 அல்லது 2.2.
சொங் என்று சொன்ன ஒன்பது: 24 முதல் 25 மி.மீ., 3.3 முதல் 4.2 கிராம்.
யுவான்ஃபெங் மாதிரியே இருக்கும் இன்னொன்று: 23.4 மி.மீ., 2.6 கிராம், எழுத்து கரடுமுரடு.
பின்பக்கம் ஓட்டைக்கு மேலே ஒரே ஒரு எழுத்து இருப்பது: 25.2 மி.மீ., 3.5 கிராம்.
மண் ஒட்டி எழுத்தே தெரியாதவை 3.
பெரிய காசு: 41.2 மி.மீ., 12.8 கிராம்.
வெள்ளி: 39 மி.மீ., 22.1 கிராம்.


ஓட்டைக்காசு

பார்த்தீர்களா, எடை போட்டதுமே பாதி வேலை முடிந்தது.

சந்தேகப்பட்ட ஆறும் வாஸ்துக் காசு. ஃபெங் ஷுய் கடைகளில் சிவப்புக் கயிற்றில் கோத்து விற்கிறார்களே, ஐந்து பேரரசர் காசு என்று, அதன் உறவு. ஆறும் ஒரே விட்டம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட மாறாமல். அசல் காசில் அது நடக்காது. ஏன் நடக்காது என்று சொல்கிறேன், இது தெரிந்தால் மற்றது எல்லாம் தானாக வரும்.

சிங் காலத்தில் காசை அடிக்கவில்லை, வார்த்தார்கள். முதலில் கையால் செதுக்கிய ஒரு மூலக்காசு. அதை வைத்து வார்த்த தாய்க்காசுகள் பல. தாய்க்காசை ஈர மணல் பெட்டியில் வரிசையாக அழுத்தி, நடுவில் ஒரு வாய்க்கால் விட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். வெளியே எடுத்தால் மரக்கிளையில் இலை தொங்குகிற மாதிரி இருக்கும். அதை ஒடித்து, சதுர ஓட்டையில் சதுரக் கம்பியை விட்டு, காசுகளை நெருக்கி அடுக்கி, விளிம்பை மொத்தமாக அரத்தால் ராவுவார்கள். ஓட்டை சதுரமாக இருப்பதன் வசதி அதுதான், வட்டமாக இருந்தால் ராவும்போது காசு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆக, ஒவ்வொரு காசும் ஒரு ஆள் ராவிய அளவுக்குத்தான் வட்டம். விளிம்பில் அரத்தின் கோடு ஓடும். ஓட்டையின் ஓரம் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இப்போது போலி செய்பவன் என்ன செய்கிறான்? அசல் காசு ஒன்றை எடுத்து அச்சு எடுத்து வார்க்கிறான். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் போலி எப்போதும் தன் அசலை விட ஒரு நூல் சின்னது. எழுத்தின் ஓரம் சோப்பு தேய்ந்த மாதிரி மழுங்கும். தளத்தில் குண்டூசி முனை அளவு காற்றுக்குழிகள். இரண்டு பாதி அச்சைச் சேர்த்த இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, அதை மறைக்கத் தேய்த்திருந்தால் தேய்ப்பு புதிதாகத் தெரியும். லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஒற்றை எழுத்துக் காசு சீனமே இல்லை. ஜப்பான், கான்எய் சூஹோ. பின்பக்க எழுத்து 'புன்', 1668லிருந்து எடோவில் (இன்றைய டோக்கியோ) வார்த்த வகை. கியோத்தோவில் இருந்த பெரிய புத்தர் சிலையை உருக்கிச் செய்ததாக ஒரு கதை உண்டு, கதை கேட்க நன்றாக இருக்கும். அசலாகத்தான் தெரிகிறது. சீனக் காசு என்று வரும் பத்துப் பையில் நாலில் இது இருக்கும்.


நாணயப்பித்தன்

அப்படியானால் அந்த 23.4 மி.மீ. யுவான்ஃபெங்கும் போலி, சரிதானே? சின்னது, லேசு, எழுத்து மழுங்கல். நீங்கள் சொன்ன மூன்றும் இருக்கிறது.


ஓட்டைக்காசு

இப்படித்தான் நானும் ஒன்றைத் தூக்கிக் குப்பையில் போட்டேன், பத்து வருடம் முன்னால். இன்று வரை வருத்தம்.

எழுத்தைப் பாருங்கள். மழுங்கல் இல்லை, கரடு. அசலின் நகலாக இருந்தால் அசல் எழுத்தே தேய்ந்து தெரிய வேண்டும். இங்கே எழுத்தின் உருவமே வேறு, வேறொரு ஆள் தன் கையில் எழுதியது. விளிம்பில் அரக்கோடு இருக்கிறது, களிம்பு உள்ளே ஊறியிருக்கிறது. இது நாகசாகி வணிகக் காசாக இருக்க நல்ல வாய்ப்பு. 1659லிருந்து 1685 வரை நாகசாகியில் சொங் ஆட்சிப் பெயர்களைப் போட்டே காசு வார்த்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். டச்சுக் கம்பெனிக்காரர்களும் சீன வணிகர்களும் ஏற்றிக்கொண்டு போனார்கள், பெரும்பாலும் வியட்நாமுக்கு. அதில் அதிகம் வார்த்தது இதே யுவான்ஃபெங் பெயரைத்தான், ஜப்பானியர் வாயில் 'கென்ஹோ சூஹோ'. இல்லாவிட்டால் வியட்நாமிலேயே வார்த்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் நம்மை ஏமாற்றச் செய்ததில்லை.


தராசு

அப்போது இது அசலா, போலியா? எனக்கு ஒரு வார்த்தையில் பதில் வேண்டும். நாங்கள் நகைத் தொழில், எங்களுக்கு 916 இல்லாவிட்டால் 916 இல்லை, அவ்வளவுதான்.


பச்சைக்களிம்பு

ஒரு வார்த்தையில் என்றால் 'பழசு'. சீனாவிலேயே சொங் காலத்திலும் சிங் காலத்திலும் கள்ளக் காசு வார்த்துத் தலை இழந்தவர்கள் ஏராளம், அவர்கள் வார்த்ததும் இன்று நம் ஆல்பத்தில் இருக்கிறது. அன்றைக்குச் சந்தையில் செலவழிக்கச் செய்ததென்றால் அது காசு. இன்றைக்கு நம் பையைக் காலி செய்யச் செய்ததென்றால் அது போலி. நான் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன். அட்டையில் மட்டும் என்ன என்று உள்ளபடி எழுதி வையுங்கள்.


தராசு

சரி, ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கு வருவோம், அது என் இடம்.

அந்த மீசைக்காரர் யுவான் ஷிகாய், சீனக் குடியரசின் தலைவராக இருந்தவர். சீனர்கள் இந்தக் காசை 'யுவான் பெருந்தலை' என்பார்கள். 1914லிருந்து அடித்தது. இது வார்த்ததில்லை, இயந்திர அச்சு. அசல் 26.6 முதல் 26.9 கிராம் இருக்கும், வெள்ளி ஏறக்குறைய 89, 90 சதம். உங்களுடையது 22.1. தேய்ந்து நாலரை கிராம் போனது என்று யாராவது சொன்னால், அப்படித் தேய்ந்த காசில் மீசை இருக்காது.

இருந்தாலும் ஒரு சோதனை சொல்கிறேன், எல்லா வெள்ளிக்கும் உதவும். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், நூலைக் கையிலோ ஸ்டாண்டிலோ பிடித்துக்கொண்டு. தராசு ஒரு எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். 90 சத வெள்ளி என்றால் 10.3 பக்கம் வரும். பித்தளை, வெண்கலம் என்றால் எட்டரை, ஒன்பது.

வேடிக்கை என்னவென்றால் உங்கள் காசு 39 மி.மீ. சரியாக இருப்பதால் தண்ணீரில் 2.6 பக்கம்தான் காட்டும், அசலும் 2.6தான் காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், வகுத்துப் பார்க்க வேண்டும்.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அதனால் அசல் என்று சொல்பவர்கள் உண்டு. பித்தளையும்தான் ஒட்டாது.


ஓட்டைக்காசு

தராசு சொன்னதோடு ஒன்று. இந்த ஒரு டாலர் வகையில் ஆண்டு என்று வருவது குடியரசு 3, 8, 9, 10 மட்டும்தான் (1912ஐ முதல் ஆண்டாக எண்ணும் கணக்கு). 3ஆம் ஆண்டுக் காசில் தலைக்கு மேல் ஆறு எழுத்து, மற்ற மூன்றிலும் ஏழு எழுத்து, கடைசியில் 'செய்தது' என்று ஒரு எழுத்து கூடும். சீனமே தெரியாதவரும் எண்ணிப் பார்க்கலாம். வேறு ஆண்டு போட்டு வந்தால் எடை போடவே வேண்டாம்.


ஈப்போ பேரன்

வெள்ளி: தண்ணீரில் 2.57. வகுத்தால் 8.6. அப்பா சிரித்துவிட்டார், இதற்கு அவர் காசு கொடுக்கவில்லையாம், பெரிய காசோடு 'சும்மா' கொடுத்தார்களாம்.

அந்தப் பெரிய காசைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. அப்பா தினம் கேட்கிறார்.


பச்சைக்களிம்பு

வேண்டுமென்றே தள்ளிப் போட்டோம், உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அது 'தாகுவான் துங்பாவ்', பத்துக் காசு மதிப்பு. 1107 முதல் 1110 வரை. ஹுய்சோங் பேரரசர் தானே எழுதிய எழுத்து, மெல்லிய பொன் எழுத்து என்று பெயர். நாட்டை ஆளத் தெரியாமல் ஜுர்ச்சென்களிடம் சிறைப்பட்டுச் செத்த மனுஷன், ஆனால் கை இருக்கிறதே, அப்படி ஒரு கை. கோடு கம்பி மாதிரி மெலிந்து, முடியும் இடத்தில் கத்தி நுனி மாதிரி ஒரு வெட்டு. எல்லாக் காலத்துச் சீனக் காசிலும் அழகானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அதனால்தான் போலியும் இதில் மலை மாதிரி.

அசல் 41 மி.மீ. பக்கம் இருக்கும், அது சரி. ஆனால் எடை பெரும்பாலும் 16 முதல் 20 கிராம். உங்களுடையது 12.8. நான் எடையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, மெலிந்த காசும் அபூர்வமாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வலப்பக்கம் 'துங்' எழுத்தின் அடிக்கோடு. அசலில் அது ஒரே வீச்சில் ஓடி முடியும். இதில் நடுவில் தடித்து, முனை உருண்டு இருக்கிறது, மெழுகு உருகின மாதிரி. ஹுய்சோங் கை அப்படி உருளாது.

களிம்பு இன்னொரு பிரச்சினை. மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தில் அடியில் செங்கருப்பு, அதன் மேல் பச்சை, சில இடத்தில் நீலம், அடுக்கடுக்காக உலோகத்திலிருந்தே முளைத்த மாதிரி வரும். சுரண்டினால் கல் மாதிரி இருக்கும். இதில் பச்சை எல்லாம் பள்ளத்தில் மட்டும், ஒரே நிறத்தில், தூவின மாதிரி இருக்கிறது.

சந்தேகம் தீர ஒன்று செய்யலாம். பெயின்ட் கடையில் அசிட்டோன் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம். அசல் களிம்பை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. பசையில் குழைத்துத் தடவிய பச்சை கரைந்து வரும்.


தராசு

ஊரில் அடகுக் கடையிலோ நகைக் கடையிலோ கேரட் மீட்டர் (எந்த உலோகம் எத்தனை சதம் என்று காட்டும் கருவி) இருந்தால் தாத்தாவின் சொங் காசையும் பெரிய காசையும் அதில் காட்டுங்கள். துத்தநாகம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.


ஓட்டைக்காசு

நல்ல யோசனை. சொங் காசு செம்பு, ஈயம், வெள்ளீயம் கலந்த வெண்கலம், ஈயமே கால் பங்கு பக்கம் இருக்கும். பித்தளையில் காசு வார்ப்பது மிங் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. சொங் பெயர் போட்ட காசில் துத்தநாகம் முப்பது சதம் காட்டினால் பேச்சே இல்லை. ஆனால் அந்த மீட்டர் மேல்தோலை மட்டும்தான் படிக்கும், அதுவும் தங்கத்துக்கு அளவு வைத்தது. எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள், துத்தநாகம் இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பார்க்கிறேன் என்று அரத்தால் ஒரு மூலையை ராவிவிடவும் வேண்டாம்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். சியென்ஃபெங் காலத்தில் (1851–1861) தைப்பிங் கலகச் செலவுக்காகப் பெரிய மதிப்புக் காசு வார்த்தார்கள், பத்து, ஐம்பது, நூறு, ஆயிரம் வரை. அதில் நூறு மதிப்பு ஒன்றை நான் வாங்கினேன், என் ஒரு மாதச் சம்பளம். விற்றவர் வயதானவர், டீ வாங்கிக் கொடுத்தார், குடும்பச் சொத்து என்றார், கண் கலங்கினார். வீட்டுக்கு வந்து விளிம்பைப் பார்த்தால் சுற்றிலும் ஒட்டுக்கோடு. கண்ணீரைப் பார்த்த நேரத்தில் விளிம்பைப் பார்த்திருக்கலாம். நிறுவனங்கள் மதிப்பிட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுக்கிறார்களே, அதை வாங்கலாம் என்று பிறகு முடிவு செய்தேன், இப்போது பெட்டியையே போலி செய்கிறார்கள். பெட்டி எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே இருக்கும் படமும் கையில் இருக்கும் காசும் ஒன்றுதானா என்று கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறேன்.


ஈப்போ பேரன்

அசிட்டோன் பச்சையாகிவிட்டது. காலையில் கிண்ணத்தில் அடியில் சேறு மாதிரி படிந்திருந்தது, காசு மஞ்சளாக வெளியே வந்தது. கேரட் மீட்டரில் பெரிய காசு துத்தநாகம் 34. தாத்தாவின் சொங் காசு இரண்டைக் காட்டினேன், துத்தநாகம் ஒன்றுமில்லை, ஈயம்தான் நிறைய. கடைக்காரப் பையன் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தான்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அப்போ அப்பாவோட டின்ல இருந்ததெல்லாம் நல்லது, நான் வாங்கினதுதான் மோசமா?" என்றார். தாத்தா அந்தக் காசுகளை ஒரு ரிங்கிட் கூடக் கொடுத்து வாங்கியிருக்க மாட்டாராம், கல்லாவில் எடைக்கல் குறைந்தால் இதைப் போடுவாராம்.


பச்சைக்களிம்பு

எடைக்கல்லாகப் போட்டாரா! தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. கொழும்பு அக்கா இதைக் கேட்டால் ஒரு வாரம் தூங்க மாட்டார்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அந்த 800 ரிங்கிட்டில் மோசம் போனதை விட அதிகம் நான் இழந்திருக்கிறேன், ஓட்டைக்காசு அண்ணனும் சொல்லிவிட்டார். போலியைத் தூக்கிப் போட வேண்டாம். அசல் தாகுவான் ஒன்று எப்போதாவது கைக்கு வந்தால் பக்கத்தில் வைத்து 'துங்' எழுத்தைப் பார்க்க உதவும்.


கொழும்பு வாசகி

கேட்டுவிட்டேன். எடைக்கல்லோ! தூக்கம் போய்விட்டது. அந்த மண் ஒட்டிய மூன்றும் என்ன ஆயிற்று, தம்பி?


ஈப்போ பேரன்

அக்கா, அதைத்தான் சொல்ல வந்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து நாள் ஊறப் போட்டு, தினம் தண்ணீர் மாற்றி, மூங்கில் பல்குச்சியால் தள்ளினேன், புளி இல்லை, சத்தியமாக. இரண்டு இன்னும் பிடிவாதம். ஒன்றில் எழுத்து வந்துவிட்டது. யாரும் சொல்லாமல் நானே படித்துப் பார்த்தேன், நீங்கள் திருத்துங்கள்.

மேலே 'கை'. கீழே 'யுவான்'. வலம் 'துங்'. இடம் 'பாவ்'. தாங் காலம், 621ல் தொடங்கியது, ஓயாங் சுன் எழுதிய எழுத்து என்று படித்தேன். பின்பக்கம் ஓட்டைக்கு மேலே நகம் பட்ட மாதிரி ஒரு பிறை. அரசி மெழுகு மாதிரியில் நகத்தை வைத்துவிட்டார் என்ற கதை இந்தப் பிறைக்குத்தானே? விளிம்பில் அரக்கோடு இருக்கிறது, ஒட்டுக்கோடு இல்லை. களிம்புக்கு அடியில் சிவப்பு தெரிகிறது. 24.6 மி.மீ. அப்பா லென்ஸை என்னிடம் திருப்பித் தரவே இல்லை.

அசல்தானே?


ஓட்டைக்காசு

எடை?